ஏழாவது வரி காலி

எங்கள் வீட்டில் ஒரு தாள் இருக்கிறது. வருஷா வருஷம் பராத்து இரவில், மஃரிபு தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்து உட்கார்ந்ததும் அதை அவர் கையில் கொடுப்போம். எங்கள் குடும்பத்தில் மவுத்தாகி மண்ணுக்குப் போனவர்களின் பெயர்கள் அதில் வரிசையாக இருக்கும். யாசீன் ஓதி முடித்ததும் அவர் ஒவ்வொரு பெயராகச் சொல்லி துஆ கேட்பார். ஆறு பெயருக்குப் பிறகு ஒரு வரி காலி. அதற்குக் கீழே மறுபடியும் பெயர்கள். புதிதாக வரும் ஹஜ்ரத் யாராக இருந்தாலும் அந்த இடத்தில் ஒரு நொடி நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். உம்மா உள்ளறை வாசலிலிருந்து, "அத விட்டுட்டு ஓதுங்க ஹஜ்ரத்" என்பாள்.

அந்த ஏழாவது வரி உம்மாவின் லாத்தாவுக்கு. என் பெரியம்மா. அவள் உயிரோடு இருக்கிறாளா இல்லையா என்று எங்களுக்குத் தெரியாது. செய்தி வராதவள் பெயரை எழுத உம்மாவுக்கு மனசு வரவில்லை. எழுதாமல் விடவும் பயம், ஒருவேளை போயிருந்தால் அவளுக்காகக் கேட்க உலகத்தில் ஒருவரும் இல்லாமல் போய்விடுமே என்று. தாள் நைந்து புதிதாக எழுதும்போதெல்லாம் பக்கத்தில் நின்று ஏழாவது இடத்தை விட்டு எழுத வைப்பாள். ஒருமுறை எரிச்சலில், "ஒண்ணு எழுதுங்க, இல்லாட்டி விடுங்க. இது என்ன பஸ்ல துண்டு போட்டு எடம் பிடிக்கிற மாதிரி" என்று சொல்லிவிட்டேன். உம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்.

உம்மா பிறந்தது சைகோனில். அந்த ஊருக்கு இப்போது வேறு பெயர். உம்மாவுக்கு இன்றைக்கும் அது சைகோன்தான். அவளுடைய வாப்பா காரைக்காலிலிருந்து கப்பலேறிப் போய் அங்கே பெரிய சந்தைக்குப் பின்னால் ஜவுளிக்கடை வைத்திருந்தார். அவளைப் பெற்றவள் அந்த ஊர்க்காரி. போர் முடிவதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டாள். அதன் பிறகு உம்மாவைக் குளிப்பாட்டித் தலை சீவிச் சோறூட்டியதெல்லாம் ஒன்பது வயது மூத்த லாத்தாதான். அந்த ஊரில் தலைச்சன் பிள்ளையை "ஹாய்" என்பார்களாம். கடைக்குட்டியை "ஊத்" என்பார்களாம். வீட்டுக்குள் யாரும் யாருடைய பெயரையும் சொல்லமாட்டார்கள். உம்மா ஊத். பெரியம்மா ஹாய்.

போர் முடிந்து ஊர் கைமாறியபின் நம் ஊர்க்காரர்கள் மூட்டை கட்டினார்கள். பெரியம்மா அந்த ஊர்ப் பட்டாளத்துக்காரனைக் கட்டியிருந்தாள். தோற்ற பட்டாளம். புருஷனை முகாமுக்குக் கொண்டு போய்விட்டார்கள், எப்போது விடுவார்கள் என்று தெரியாது. "அவர் வர்றப்ப வூட்ல ஆள் இருக்கணும்" என்று அவள் நின்றுவிட்டாள். பதினோரு வயதில் உம்மா விமானத்தில் ஏறினாள். ஐந்தாறு வருஷம் கடிதம் வந்தது. பிறகு நின்றுபோனது. இங்கேயிருந்து போட்டவையும் திரும்பி வந்தன. நாங்களும் கடற்கரைப் பக்கத்து வீட்டை விட்டுத் தலத்தெருவுக்குக் குடிவந்துவிட்டோம். அவ்வளவுதான், இரண்டு முனையும் அறுந்துவிட்டது.

சென்ற வருஷம் உம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இதயத்தில் வால்வு சுருங்கியிருக்கிறது, திறந்து மாற்ற வேண்டும் என்று சென்னையில் சொன்னார்கள். தேதியும் குறித்துக் கொடுத்தார்கள். உம்மா பயப்படுவாள் என்று பார்த்தால், வீட்டுக்கு வந்து அந்தத் தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"உள்ள போறதுக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சாகணும் புள்ள. அவ இருக்காளா, இல்லையா. ரெண்டுல ஒண்ணு."

"யாரப் போய்க் கேக்கச் சொல்றீங்க?"

"நீ போய்ப் பாத்துட்டு வா."

தலத்தெருவிலிருந்து திருநள்ளாற்றுக்குப் போய்வருவது போலச் சொன்னாள். நான் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்ப்பவள். சனிக்கிழமை திருநள்ளாற்றுக் கூட்டத்தில் பஸ் ஏறுவதென்றாலே எனக்கு நெஞ்சு படபடக்கும். வீட்டுக்காரர் குவைத்தில். தம்பி உம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். வீட்டுக்காரர் மட்டும் போனில், "போயிட்டு வா, இல்லாட்டி ஆயுசுக்கும் உன்னையே திட்டிக்கிட்டு இருப்பே" என்றார். மனுஷனுக்கு என்னைத் தெரியும்.

டிசம்பர் கடைசியில் போய் இறங்கினேன். ஆறு நாள். கையில் ஒரு பழைய முகவரி, பெரியம்மாவின் ஒரு போட்டோ. நீண்ட சட்டை போட்ட ஒல்லிப் பெண் ஒருத்தி, கடை வாசலில் சிரித்துக்கொண்டு நிற்கிறாள்.

முதல் நாள் தெருவைக் கடக்க முடியாமல் கால் மணி நேரம் நின்றேன். ஸ்கூட்டர்கள் நிற்கவே நிற்காது. வந்துகொண்டே இருக்கும். நான் தங்கிய விடுதியை நடத்தியவள் என் வயதுக்காரி, நல்ல இங்கிலீஷ் பேசினாள். வாசலிலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்து, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். "ஓடாதே, நிற்காதே, நடந்துகொண்டே இரு. அவர்கள் உன்னைச் சுற்றிக்கொண்டு போவார்கள்" என்றாள். கலிமா சொல்லிக்கொண்டே கடந்தேன். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் அவள் கையில் என் நகம் பதிந்திருந்தது.

சாப்பாடு அடுத்த கவலை. தெருமுனைக்குத் தெருமுனை சின்னச் சின்ன பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஊரே தின்கிறது. ஆவி பறக்கும் நூடுல்ஸ் சூப், கரி அடுப்பில் வாட்டும் இறைச்சி, மொறுமொறு ரொட்டிக்குள் என்னென்னவோ. வாசனை ஆளைத் தூக்குகிறது. ஆனால் எதில் பன்றி, எதில் இல்லை என்று யாரைக் கேட்பது? அந்தக் காலத்தில் நம்மூர் முஸ்லிம்கள் கட்டிய பள்ளிவாசல் ஊர் நடுவில் இருக்கிறது. அதன் பின்பக்கத்துச் சின்னச் சாப்பாட்டுக் கடையில் ஒரு வேளை. மற்ற வேளைக்கு வாழைப்பழமும் வெறும் ரொட்டியும். கூடவே உம்மா கட்டிக்கொடுத்த இறால் பொடி. ரொட்டிக்கு இறால் பொடி தொட்டுக்கொண்டு தின்றவள் அந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

உம்மா ஒரு நாளைக்கு ஐந்து தடவை கூப்பிடுவாள். ஹலோ கூடக் கிடையாது.

"இருக்காளா?"

"இன்னும் தெரியல உம்மா. நேத்துதான வந்தேன்."

"சரி, சரி. சாப்புட்டியா?" என்பாள். மூச்சு இரைப்பது கேட்கும்.

இரண்டாம் நாள் பழைய முகவரியைத் தேடினோம். போருக்குப் பிறகு தெருப் பெயர்களையெல்லாம் மாற்றிவிட்டார்கள் என்று விடுதிக்காரி சொன்னாள். யாரையோ போனில் கேட்டு எந்தத் தெரு என்று கண்டுபிடித்துத் தன் ஸ்கூட்டரில் கூட்டிப் போனாள். கடை இருந்த இடத்தில் பதினைந்து மாடிக் கட்டடம் நின்றது. கீழே செல்போன் கடை. உள்ளே இருந்தவர்கள் பிறப்பதற்கு முன்பு நடந்த கதையை அவர்களிடம் போய் என்ன கேட்பது? தோற்ற பட்டாளத்துக்காரர்களின் குடும்பங்களை அப்போது ஊரை விட்டுக் காட்டுப் பக்கம் விவசாயம் செய்ய அனுப்பினார்கள், திரும்பி வந்தவர்களும் உண்டு, வராதவர்களும் உண்டு என்று விடுதிக்காரி மெதுவாகச் சொன்னாள். வராதவர்கள் என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. பள்ளிவாசலில் போட்டோவைக் காட்டினேன். இருந்தவர்கள் எல்லாரும் வேறு ஊர்க்காரர்கள், பின்னால் வந்தவர்கள். நம்மவர்கள் கட்டிய மாரியம்மன் கோவில் வாசலில்கூட நின்று காட்டினேன். அந்த ஊர்ப் பெண்கள் சுவரில் நெற்றியை வைத்து ஏதோ முறையிட்டுக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் தெரியவில்லை.

மூன்றாம் நாள் விடுதிக்காரிக்கு வேலை இருந்தது. சும்மா உட்கார முடியாமல் போர் அருங்காட்சியகத்துக்குப் போனேன். வெள்ளைக்காரச் சுற்றுலாக்காரர்கள் முற்றத்தில் நிற்கும் டாங்கியைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே சுவர் முழுக்கப் போட்டோக்கள். எரிந்த வீடுகள், வரப்பில் கிடந்த உடல்கள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடும் பெண்கள். எல்லாரும் நின்று கண்கலங்கினார்கள். எனக்கு அழுகை வரவில்லை. நான் முகம் தேடிக்கொண்டிருந்தேன். ஒல்லியான பெண் எந்தப் படத்தில் இருந்தாலும் என் கையிலிருந்த போட்டோவை அதன் பக்கத்தில் வைத்து மூக்கையும் தாடையையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். இருந்துவிடக் கூடாது யா அல்லாஹ், இருந்துவிடக் கூடாது. இரண்டாம் மாடியில் ஒரு படத்தில் தெருவில் கிடந்தவளின் தாடை அப்படியே இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டேன். காவலாளி வந்து தண்ணீர் கொடுத்தார். படத்துக்குக் கீழே இருந்த ஊர்ப் பெயரை அவரிடம் காட்டிக் கேட்டேன். எங்கோ வடக்கே, ரொம்பத் தூரம் என்று கையால் காட்டினார். அந்தப் பெண் யாரோ. யாரோ என்பதற்காக அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன். வெளியே வந்தபின் அதை நினைத்து எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது.

அன்று சாயங்காலம் உம்மாவிடம் அருங்காட்சியகத்துக்குப் போனதைச் சொன்னேன்.

"கடைசி நாள் டாங்கி போற சத்தம் கேட்டுச்சு. வாப்பா கடைய இழுத்துச் சாத்திட்டாரு. லாத்தா என்னைத் துணிக்கட்டுக்கு அடில தள்ளி, ரெண்டு காதையும் பொத்திக்கிட்டா. அவ காத யாரும் பொத்தல." பிறகு சம்பந்தமே இல்லாமல், "கறி வச்சான்னா தெருவே நிக்கும். நம்மாளுங்க கலந்த மசாலாப்பொடி சந்தையில விக்கும், அதத்தான் வாங்கியாரச் சொல்லுவா. நீ அதயாவது வாங்கிட்டு வா" என்றாள்.

அதையாவது. அந்த ஒரு சொல்லில் உம்மா கைவிட்டுவிட்டாள் என்று எனக்குப் புரிந்தது.

நான்காம் நாள் காலையில் விடுதிக்காரியை இழுத்துக்கொண்டு பெரிய சந்தைக்குப் போனேன். அவர்களுடைய புதுவருஷத்துக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. அதற்குள் சிவப்பு உறைகளும் மஞ்சள் பூத் தோரணங்களும் வந்துவிட்டன. கருவாட்டு வரிசையைத் தாண்டும்போது எங்கள் மீனவர் பகுதியான பட்டினச்சேரிப் பக்கம் போவது போலவே இருந்தது. அதையும் தாண்டிப் போனால் திடீரென்று நம் வீட்டு அடுப்படி வாசனை. மல்லி, மஞ்சள், பட்டை, சோம்பு. பித்தளைத் தட்டுகளில் ஆரஞ்சு நிறத்தில் பொடியைக் குவித்து வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். "கா-ரீ, கா-ரீ" என்று என்னைக் கூப்பிட்டாள்.

பொடியை அவள் கட்டும்போது போட்டோவை நீட்டினேன், பழக்கத்தில்தான், நம்பிக்கையில் இல்லை. அவள் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். தெரியாது. பிறகு விடுதிக்காரியிடம் ஏதோ நீளமாகச் சொன்னாள். விடுதிக்காரியின் முகம் மாறியது.

"இந்தப் பெண் யாரென்று தெரியாதாம். ஆனால் அப்பா இந்தியர் என்று சொல்லும் ஒரு வயதான அம்மா வருஷத்துக்கு ஒரு தடவை வருவாராம். எங்கள் சந்திரமாதக் கணக்கில் பதினோராம் மாதப் பௌர்ணமிக்கு முன்னால். பன்றிக்கொழுப்புப் படாத கரண்டியால் அள்ளிக் கொடு என்று கண்டிப்பாகச் சொல்வாராம். அதனால் ஞாபகம் இருக்கிறதாம்."

பொடியைக் கையில் வாங்காமலேயே கேட்டேன், "எதுக்காம்?"

விடுதிக்காரி தயங்கினாள். "படையலுக்கு. எங்கள் வழக்கம் அது. ஒருவர் இறந்த நாளில் வருஷா வருஷம் அவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படத்துக்கு முன்னால் வைப்போம், ஊதுபத்தி எரிந்து தீர்ந்ததும் எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடுவோம். அந்த அம்மாவுக்கு ஒரு தங்கை இருந்தாளாம். இந்தியாவில். கடல் பொங்கி வந்தபோது இறந்துவிட்டாளாம்."

சுனாமி வந்த அன்று உம்மா தலத்தெருவில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் பழைய வீடு இருந்த பக்கம்தான் தண்ணீர் ஏறியது. நாங்கள் வீடு மாறியது அந்த அம்மாவுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? சந்தை நடுவில் கடைப் பலகைமேலேயே உட்கார்ந்துவிட்டேன். இருக்கிறாள்! என் பெரியம்மா இருக்கிறாள். செத்துப்போனது உம்மா.

கடைக்காரப் பெண் போனை எடுத்து அந்த அம்மாவின் எண்ணைத் தேடினாள். பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். எழுபது வயதுக்காரியிடம், செத்த தங்கச்சி உயிரோடிருக்கிறாள் என்று போனில் சொன்னால் என்ன ஆகும்? அந்த ஏழாவது வரியை நானே நிரப்பிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன் போலிருந்தது. நேரில் போவோம் என்றேன். பௌர்ணமி எப்போது என்றேன்.

"நாளைக்கு" என்றாள் விடுதிக்காரி.

அன்றைக்கு உம்மா கூப்பிட்டபோது, "இன்னும் ஒண்ணும் தெரியல" என்று பொய் சொன்னேன். அந்த அம்மா வேறு யாராகவாவது இருந்துவிட்டால்? கடலோரத்தில் தங்கச்சியைப் பறிகொடுத்தவள் ஒருத்திதானா? உம்மாவுக்கு நம்பிக்கையைக் கொடுத்துவிட்டுப் பிடுங்கினால் அந்த வால்வு தாங்குமா? ஓதிக்கொண்டே கிடந்தேன், தூக்கம் வரவில்லை.

வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு சந்துக்குள் இருந்தது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் திரும்பித்தான் நடக்க வேண்டும், அவ்வளவு குறுகல். பௌர்ணமி என்பதால் வீட்டுக்கு வீடு வாசலில் பழமும் பூவும் வைத்திருந்தார்கள். கடைசி வீட்டை நெருங்கும்போதே கறி வாசனை வந்துவிட்டது. எங்கள் வீட்டுக் கறி இல்லை, தேங்காய்ப்பால் தூக்கலாக வேறு ஒன்று. ஆனாலும் நம்முடையது.

கதவு திறந்தே கிடந்தது. எதிர்ச் சுவரில் உயரமாக ஒரு பலகை. அதில் பழம், பூ, மூன்று ஊதுபத்தி, ஒரு கிண்ணத்தில் கோழிக் கறி, நீள ரொட்டி, ஒரு தட்டில் உரித்த பலாச்சுளை. உம்மாவுக்குப் பலாச்சுளை என்றால் உயிர். அவற்றுக்கு நடுவில் கண்ணாடிச் சட்டத்துக்குள் பதினோரு வயது உம்மா இரட்டைச் சடை போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

அடுப்படியிலிருந்து ஒரு கிழவி எட்டிப் பார்த்தாள். வெள்ளைத் தலை, ஒல்லி, அந்தத் தாடை. என் முக்காட்டைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த துண்டு கீழே விழுந்தது. எத்தனையோ வருஷம் புழங்காத தமிழை எங்கிருந்தோ தோண்டி எடுத்துக் கேட்டாள்.

"நீ... யாரு வூட்டுப் புள்ள?"

எங்கள் ஊரில் தெருவில் போகிற எந்தப் பிள்ளையையும் கேட்கும் கேள்வி. எத்தனை ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன்! எல்லாம் போய்விட்டது. பலகையில் இருந்த படத்தைக் கையால் காட்டி, "இவங்க புள்ள" என்றேன். "உம்மா இருக்காங்க பெரியம்மா. மவுத்தாகல. காரைக்கால்ல இருக்காங்க."

விடுதிக்காரி அதை அவர்கள் பேச்சில் திருப்பிச் சொன்னாள். பெரியம்மா என்னைக் கட்டிப்பிடிப்பாள், அழுவாள் என்று நினைத்தேன். அவள் அதைச் செய்யவில்லை. ஓடினாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, எரிந்துகொண்டிருந்த மூன்று ஊதுபத்திகளையும் வெறும் விரலால் கிள்ளி அணைத்தாள். நெருப்பு சுட்டது அவளுக்குத் தெரியவில்லை. கறிக் கிண்ணத்தைக் கீழே இறக்கினாள். படத்தை எடுத்துச் சட்டை முனையால் சாம்பலைத் துடைத்துக்கொண்டே ஏதோ முணுமுணுத்தாள்.

"என்ன சொல்றாங்க?"

"உயிரோடு இருப்பவளுக்குப் படையல் வைக்கக் கூடாது. அது பெரிய பாவம், அவளுடைய ஆயுளைக் குறைக்கும். இருபது வருஷமாக வைத்துவிட்டேனே என்கிறார்" என்றாள் விடுதிக்காரி.

தொலைக்காட்சியில் கடல் பொங்கியதைக் காட்டினார்களாம். நாகப்பட்டினம் என்று சொன்னார்களாம். அது காரைக்காலுக்குப் பக்கம் என்று அவள் வாப்பா சொல்லித் தெரியும். காட்டுப் பக்கம் கொண்டு போனபோதும் மழையில் நனையவிடாமல் வைத்திருந்த முகவரிக்குக் கடிதம் போட்டாள். ஆளில்லை என்று முத்திரை குத்தித் திரும்பி வந்தது. ஒரு வருஷம் பார்த்துவிட்டு, தண்ணீர் வந்த நாளையே இறந்த நாளாக வைத்துக்கொண்டாள். அன்று பௌர்ணமி.

கதையைச் சொல்லி முடித்துவிட்டுப் பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஊத்... நல்லா இருக்கா? நோவு?"

இங்கேதான் என் வாய் என்னைக் கெடுத்தது. நல்லா இருக்காங்க என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஐந்து நாள் டென்ஷன் எல்லாம் சேர்ந்து, "நெஞ்சுல நோவு. ஆபரேஷன் பண்ணப் போறாங்க" என்று கொட்டிவிட்டேன்.

பெரியம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கையிலிருந்த படத்தைப் பார்த்தாள், அணைந்த ஊதுபத்தியைப் பார்த்தாள். விடுதிக்காரி மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை. தான் வைத்த புகைதான் தங்கச்சியின் நெஞ்சில் போய் அடைத்தது என்று அவள் நினைக்கிறாள். எழுபது வயதுக்காரி மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். கூட இருந்த மருமகள் தண்ணீரோடு ஓடி வந்தாள். எனக்கு என்னையே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

வேறு வழி தெரியாமல் உம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன்.

"இருக்காளா?" என்றாள் உம்மா.

பதில் சொல்லாமல் போனைத் திருப்பினேன். திரையில் உம்மாவின் முகம் கொஞ்ச நேரம் அசையவே இல்லை. சிக்னல் போய்விட்டதோ என்று பார்த்தேன். பிறகு உம்மாவின் வாயிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஹாய்... ஹாய் ஓய்!" அறுபது வயதுக்காரியின் குரல் இல்லை அது. சின்னப் பிள்ளை. பதினோரு வயதில் எங்கே நின்றதோ அங்கேயே நின்றிருந்த பேச்சு. உம்மா அந்தப் பாஷையில் கெஞ்சினாள், சிணுங்கினாள். பெரியம்மா ஓட்டைத் தமிழில், "அழுவாத... அழுவாத ஊத்" என்று சொல்லிக்கொண்டே தானும் அழுதாள். ஒருத்தி பாஷையை ஒருத்தி பேசிக்கொண்டார்கள்.

பெரியம்மா படத்தைத் திரைக்கு முன்னால் காட்டி, தான் செய்த குற்றத்தை ஒப்புக்கொண்டாள். உம்மாவுக்கு உடனே புரியவில்லை. "என்னடி சொல்றா?" என்று என்னைக் கேட்டாள். சொன்னேன். மறைக்க இனி என்ன இருக்கிறது?

உம்மா சிரித்தாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, மூச்சு இரைக்க இரைக்கச் சிரித்தாள். தம்பி பின்னாலிருந்து "உம்மா, மெதுவா" என்று கத்துவது கேட்டது.

"எனக்கா? எனக்கு என்ன வச்சிருக்கா? காட்டு."

காட்டினேன். கறி, ரொட்டி, பலாச்சுளை.

"ஏ அல்லா, மறக்கல பாரு. நீ சாப்புட்டியா?"

"இல்ல உம்மா. படையல் வச்சதும்மா..."

அந்தத் தயக்கம் எனக்கு இருந்தது. கோழியைப் பள்ளிவாசல் பக்கம் போய் ஹலாலாக வாங்கி வந்ததாக மருமகள் சொன்னாள். ஆனாலும் பலகையில் வைத்தது. பெரியம்மாவும் கிண்ணத்தை என் கைக்கு எட்டாமல் தள்ளித் தள்ளி வைத்தாள். உயிரோடிருப்பவளைச் செத்தவளாக்கி வைத்த சோறு அவள் மகள் வாயில் படக் கூடாதாம்.

"எனக்கு வச்சதுதான? நான் இருக்கேன்ல? நான் சொல்றேன், சாப்புடு" என்றாள் உம்மா. பிறகு பெரியம்மாவிடம் அந்தப் பாஷையில் நிதானமாக ஏதோ சொன்னாள். பெரியம்மாவின் அழுகை நின்றது. கிண்ணத்தை எடுத்து, ரொட்டியைப் பிய்த்துக் கறியில் தோய்த்து, என் வாயில் வைத்தாள். நான் சாப்பிட்டேன். அது சரியா தப்பா என்று எந்த ஹஜ்ரத்திடமும் நான் கேட்கவில்லை. கேட்கப்போவதும் இல்லை.

கிளம்பும் நாளில் பெரியம்மா அந்தப் படத்தைத் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தாள். அது அந்தப் பலகையில் இருக்கக் கூடாது, வீட்டிலேயே இருக்கக் கூடாது என்றாள். ஆபரேஷனுக்கு முன் எடுத்துக்கொண்டு போய்விடு என்றாள்.

தலத்தெருவுக்கு வந்ததும் உம்மா படத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். சட்டத்தின் மேல்விளிம்பு இருபது வருஷப் புகையில் கறுத்திருந்தது. அதை விரலால் தடவினாள்.

"அன்னிக்கு அவங்கள்ட்ட என்ன சொன்னீங்க உம்மா? அழுகை டக்குனு நின்னுச்சே" என்று கேட்டேன்.

"இருவது வருசமா நீ வச்ச சோறு எனக்கு வந்து சேந்துச்சு, இல்லாட்டி இந்த நெஞ்சு எப்பவோ நின்னுருக்கும்னு சொன்னேன்."

"நெசமாவா?"

"எனக்கு எப்படிடி தெரியும்? அவ அழுகய நிப்பாட்டணும்ல."

அந்த வாரமே தாளைப் புதிதாக எழுதச் சொன்னாள். இந்த முறை ஏழாவது வரியை விடச் சொல்லவில்லை. காலி விடாமல், கீழே இருந்த பெயரை ஏழாவதாக ஏற்றி நேராக எழுதினேன். உம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

சென்னைக்குக் கிளம்பிய காலையில் கார் வாசலில் நின்றது. தம்பி பையை ஏற்றிக்கொண்டிருந்தான். உம்மா படியிறங்கியவள் திரும்பி என்னைக் கூப்பிட்டாள். பால்காரருக்குச் சொல்லிவிடு என்பது போன்ற குரலில்தான் சொன்னாள்.

"நான் திரும்பி வரலேன்னா, அந்தப் படத்தக் கொண்டுபோய் அவள்ட்டயே குடுத்துரு. நீங்கள்லாம் பேரத்தான் படிப்பீங்க. அவ கறி வைப்பா."

"வாய மூடிட்டு கார்ல ஏறுங்க உம்மா" என்று கத்திவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். பெற்றவளை வழியனுப்பும் லட்சணமா இது?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போதும் அடுத்த அறையில் போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு அந்தப் பாஷையில் ஊர் கேட்கக் கத்திப் பேசிக்கொண்டிருக்கிறாள். படம் என் பீரோவில், சேலைகளுக்கு அடியில் இருக்கிறது. நடுநடுவே, "அந்தப் படம் எங்கடி, பத்திரமா இருக்கா?" என்று கேட்பாள். காது கேட்காதவள் போல அடுப்படிக்குப் போய்விடுவேன்.